ஆண்டுதோறும் பிரிக்கப்படும் வீடு



பினாங்கில் ஜாலான் சைனல் அபிடின் என்றொரு சாலை உண்டு. முன்பு அதற்கு ஜாலான் யஹூடி என்று பெயர். யூதர் சாலை என்பது அதன் பொருள். 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூதர் இடுகாடு ஒன்று அச்சாலையில் இன்னும் இருக்கிறது. கற்றல் பயணம் ஒன்றின்போது ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அவ்வழியே அழைத்துச் சென்றேன். சுற்றுச்சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள், சொன்னேன். உடனே ஒரு மாணவி, "ஐயா, அவங்களுக்கும் நம்மள மாதிரி பொங்கல் உண்டா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அறுவடைத் திருநாள் ஒன்று உண்டு என்றேன். அந்நாளில் வீட்டுக்கு வெளியே தழைக்கூரை வேய்ந்த குடில் ஒன்றைக் கட்டுவார்கள். ஏழு நாள் அதிலேயே உண்பார்கள், பலர் உறங்கவும் செய்வார்கள். பிறகு அதைப் பிரித்துவிடுவார்கள் என்று விளக்கினேன். அவள் சற்று யோசித்தாள். "வருசா வருசம் பிரிக்கிறதுக்கு எதுக்கு ஐயா கட்டணும்? ஒரே தடவை நல்லதா கட்டி வெச்சிக்கலாமே?" என்றாள்.

அப்போது என்னால் தக்க விடை சொல்ல இயலவில்லை. பேருந்து வந்துவிட்டது, கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. பின்னர்த் தேடிப் படித்தபோதுதான், அவள் கேட்ட கேள்வி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது என்று அறிந்தேன். யூதச் சமய அறிஞர்களும் தச்சர்களும் இக்காலக் குழாய்ச் சட்டக உற்பத்தியாளர்களும் வெவ்வேறு வகையில் அக்கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்பதால் அவ்வரலாற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பெயர் தந்தது கூரை

இத்திருநாளின் எபிரேயப் பெயர் சுக்கோத். குடில் எனப் பொருள்படும் 'சுக்கா' என்ற சொல்லின் பன்மை அது. (நம் உணவகங்களில் கிடைக்கும் சுக்காவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை!) தமிழ் விவிலியம் இதைக் 'கூடாரப் பண்டிகை' என்று அழைக்கிறது. கூடாரம் என்றதும் நம் பிள்ளைகளின் மனக்கண்ணில் சாரணர் முகாமின் துணிக்கூடாரமே தோன்றும். ஆனால், சுக்கா துணிக்கூடாரம் அன்று. மூடுதல் என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. கூரைத் தழையைக் குறிக்கும் 'ஸ்காக்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. ஆக, இக்குடிலுக்குப் பெயர் தந்தது சுவரன்று, கூரையே. இதனைக் கட்டுரையின் இறுதிவரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 15ஆம் நாள், முழுநிலவன்று சுக்கோத் தொடங்குகிறது. நம் கணக்கில் செப்டம்பர் அல்லது அக்டோபர். இசுரேல் நாட்டில் கோடைக்கால விளைச்சலை வீடு சேர்த்துவிட்டு மழையை எதிர்பார்த்திருக்கும் காலம் அது. யாத்திராகமம் இதனை விளைச்சலைச் சேர்க்கும் திருநாளாகவே குறிப்பிடுகிறது. திராட்சைத் தோட்டத்தில் காவலுக்குக் குடில் போடும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது என்பதை ஏசாயா நூலில் வரும் ஓர் உவமையால் அறிகிறோம். நம் முன்னோர் தினைப்புனத்தில் அமைத்த பரண் நினைவுக்கு வருகிறது அல்லவா?

லேவியராகமம் இதற்கு வேறொரு காரணத்தையும் சேர்க்கிறது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீண்ட முன்னோர் பாலைவழியில் குடில்களில் வாழ்ந்தார்கள். அதனை வழிவழி வரும் தலைமுறைகள் அறிய வேண்டும் என்பதற்காக ஏழு நாள் குடிலில் தங்க வேண்டும் என்கிறது. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளையில், வீடே இல்லாதிருந்த காலத்தை எண்ணிப் பார்க்கச் செய்யும் கட்டளை இது. நிறைவான நாளில் குறைவான கூரையின்கீழ் அமரச் செய்கிறது.

பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பிய மக்கள் இதனை எவ்வாறு நிறைவேற்றினார்கள் என்பதை நெகேமியா நூல் கூறுகிறது. காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டு. அவர்கள் மலைக்குச் சென்று ஒலிவம், பேரீச்சை முதலிய மரங்களின் கிளைகளை வெட்டி வந்தார்கள். தத்தம் வீட்டு மொட்டைமாடியிலும் முற்றத்திலும், ஆலயப் பிராகாரங்களிலும், தண்ணீர் வாசல், எப்பிராயீம் வாசல் ஆகியவற்றின் வீதிகளிலும் குடில் அமைத்தார்கள். வயலில் பிறந்த குடில் நகரத்துக்குள் வந்துவிட்டதை இங்கே காண்கிறோம். நகரம் என்று வந்துவிட்டால் இடநெருக்கடியும் உடன் வரும். எளிதில் கட்டிப் பிரிக்கும் தேவையும் உடன் வரும்.

சுவராக நின்ற யானை

கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத்தொகுப்பில் சுக்காவுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதனையும் அதன் விரிவுரையான தல்மூத்தையும் படித்தால் ஒரு கட்டட விதிமுறை நூலைப் படிப்பதுபோல் இருக்கும். உயரம் 20 முழத்தைத் தாண்டக்கூடாது. 10 கையகலத்துக்குக் குறையவும் கூடாது. கையகலம் என்பது ஏறத்தாழ 8 செ.மீ. அளவு, ஆக, குறைந்த உயரம் சுமார் 80 செ.மீ. ஒருவருடைய தலையும் உடலின் பெரும்பகுதியும் ஒரு சிறு மேசையும் உள்ளே அடங்கினால் போதும். பரப்பு நிறைவு பெற்றுவிடும்.

சுவருக்கு என்ன பொருளைப் பயன்படுத்தலாம்? இங்கேதான் வியப்பு. வழக்கமான காற்றைத் தாங்கி நிற்கக்கூடிய எந்தப் பொருளும் சுவராகலாம். வண்டியின்மேலும் கப்பலின்மேலும் கட்டிய குடில்கூட ஏற்புடையதே. யானை ஒன்றைக் கட்டி நிறுத்தி அதையே ஒரு பக்கச் சுவராகக் கொள்ளலாமா என்ற ஆராய்ச்சியும் தல்மூத்தில் வருகிறது. யானை ஓடிவிடாதபடி கட்டியிருந்தால் போதும் என்று முடிவு காண்கிறார்கள். ஒருவேளை அது செத்து விழுந்துவிட்டால்? விழுந்து கிடக்கும் யானையும் 10 கையகல உயரத்துக்குக் குறையாது என்கிறார்கள்! வகுப்பில் இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

கூரைக்கு வந்தால் இத்தகைய தாராளம் இல்லை. மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். மண்ணிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பாத்திரமாகவோ படுக்கையாகவோ ஆக்கப்பட்ட பொருளைக் கூரையிடக்கூடாது. படுப்பதற்கென்று முடைந்த பாய் ஆகாது; கூரைக்கென்றே முடைந்த பாய் ஆகும். உள்ளே வெயிலைவிட நிழல் மிகுதியாக இருக்க வேண்டும். ஆனால், பெருமழை பெய்தால் உள்ளே இறங்காத அளவுக்குக் கூரையை அடர்த்தியாக்குவதும் தகாது. மரத்தடியிலோ வீட்டுக்குள்ளோ கட்டினால் செல்லாது. கூரைக்கும் வானத்துக்கும் இடையில் வேறொன்றும் இருத்தல் கூடாது.

பழைய குடில் செல்லுமா?

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருவோம். 'ஒரே தடவையாகக் கட்டி வைத்துக்கொள்ளலாமே' என்பதைப் பழைய அறிஞர்களும் விவாதித்திருக்கிறார்கள். திருநாளுக்கு 30 நாள்களுக்கு முன்பே கட்டப்பட்ட குடிலைப் 'பழைய சுக்கா' என்றார்கள். ஷம்மாய் பள்ளியினர் அது செல்லாது என்றனர். ஹில்லேல் பள்ளியினர் செல்லும் என்றனர். திருநாளுக்கென்றே கட்டியதாயின், ஆண்டின் தொடக்கத்தில் கட்டியிருந்தாலும் குற்றமில்லை என்பதை இரு பள்ளியினரும் ஒப்புக்கொண்டனர். இறுதியில் நடைமுறைக்கு வந்தது ஹில்லேல் பள்ளியினரின் கருத்தே. ஆனாலும், பழைய குடிலில் புதிதாகச் சிறிது தழையேனும் சேர்க்க வேண்டும் என்ற வழக்கமும் உடன் வளர்ந்தது.

இதனோடு இன்னொரு நெறியும் உண்டு. 'நீ செய்ய வேண்டும். தானாக அமைந்துவிட்டதை எடுத்துக்கொள்ளக்கூடாது' என்பது அதன் சாரம். சுரைக்கொடியையோ திராட்சைக் கொடியையோ குடிலின்மேல் படரவிட்டால் அழகான கூரை அமைந்துவிடும். ஆனால், வேரோடு இணைந்திருக்கும் கொடி கூரையாகாது. சரி, படர்ந்த பின் அடியில் வெட்டிவிட்டால்? அதுவும் போதாது. வெட்டிய கொடியைக் கையால் தூக்கி அசைத்து மீண்டும் வைக்க வேண்டும். அந்த ஒரு சிறு அசைவினால்தான் அது 'செய்யப்பட்டது' ஆகிறது. கூரையில் மனிதக் கை பட்டாக வேண்டும் என்பதில் அவ்வளவு உறுதி!

நான்கு நாள் அவகாசம்

எளிதாகக் கட்டும் வழிகளை யூதர்கள் தேடியதற்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. சுக்கோத்துக்கு முன்வரும் பாவநிவர்த்தி நாளாகிய யோம் கிப்பூர் திஷ்ரி 10ஆம் நாள். அன்று முழுநாள் நோன்பு. நோன்பு முடிந்த இரவே குடில் வேலையைத் தொடங்கிவிடுவது பலருடைய வழக்கம். 15ஆம் நாளுக்குள் முடித்தாக வேண்டும். இடையில் ஓய்வுநாள் வந்துவிட்டால் அன்றும் வேலை செய்ய முடியாது. பணிக்குச் செல்வோருக்கு மாலைப்பொழுதுகள் மட்டுமே மிஞ்சும்.

குளிர்நாடுகளில் இச்சிக்கல் இன்னும் பெரிது. கிழக்கு ஐரோப்பாவில் அக்டோபர் என்பது குளிரும் மழையும் தொடங்கும் காலம். அங்கே சிலர் வீட்டின் ஓர் அறையையே சுக்காவாக அமைத்தார்கள். அவ்வறையின் மேற்கூரை கீல்களால் திறந்து மூடக்கூடியதாக இருக்கும். திருநாள் வந்ததும் அதைத் திறந்து, தழைக்கூரையை வானம் காண விட்டுவிடுவார்கள். மழை வந்தால் மூடுவார்கள். நின்றதும் மீண்டும் திறப்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவ் நகரில் வாழ்ந்த சட்ட அறிஞர் மோசே இசர்லெஸ் இவ்வகைக் கூரைக்கு இசைவளித்து எழுதியிருக்கிறார். மூடியிருக்கும்வரை அது சுக்கா அன்று, திறந்தால்தான் சுக்கா.

எண்ணிட்ட பலகைகள்

நிலையான அறைக்கு வசதியில்லாதவர்களும், இடம் குறைந்தவர்களும் பிரித்து மாட்டும் பலகைச் சுவர்களை நாடினார்கள். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று இன்று எருசலேமிலுள்ள இசுரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தென்ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஃபிஷாக் என்னும் சிற்றூரில் 1837ஆம் ஆண்டையொட்டி டெல்லர் குடும்பத்தாருக்காகச் செய்யப்பட்டது அது. மரப்பலகைகளில் எருசலேம் நகரக் காட்சியும் ஜெர்மானியக் கிராமத்து வாழ்க்கையும் அருகருகே தீட்டப்பட்டுள்ளன. எந்தப் பலகை எங்கே பொருந்தும் என்பதற்குப் பலகைகளில் எண்ணிடப்பட்டிருக்கிறது. இக்காலத்தில் பெட்டியில் வாங்கிவந்து நாமே பொருத்தும் அலமாரியைப் போன்ற ஏற்பாடுதான்.

ஒவ்வோர் ஆண்டும் பலகைகளை இறக்கி, எண் பார்த்துப் பொருத்தி, மேலே புதுத் தழையிட்டு, ஏழு நாள் கழித்துப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். பல தலைமுறைகள் இவ்வாறு கழிந்தன. பின்னர் ஜெர்மனியில் நாட்சி ஆட்சி வந்தது. 1930களின் பிற்பகுதியில் அப்பலகைகள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு எருசலேம் சென்று சேர்ந்தன. ஃபிஷாக்கில் எஞ்சியிருந்த யூதர்கள் 1942இல் நாடு கடத்தப்பட்டார்கள். அவ்வூர் யூதச் சமூகத்தின் வரலாறு அத்துடன் முடிந்தது.

நான் இப்பகுதியைப் படித்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். கல்லில் கட்டிய வீடுகளை அவர்களால் எடுத்துச் செல்ல முடியவில்லை. பிரிப்பதற்கென்று செய்த வீடு மட்டும் தப்பியது. ஆனால், அருங்காட்சியகத்தில் கூரையுள்ள கூடத்துக்குள் நிற்கும் அக்குடில் சட்டப்படி இப்போது சுக்கா அன்று. மேலே வானம் இல்லை. சுவர் பிழைத்துவிட்டது. கூரை வேய்ந்த கைகள் அங்கில்லை.

குழாயும் துணியும்

இன்று விற்பனையாகும் சுக்காக்கள் பெரும்பாலும் உலோகக் குழாய்ச் சட்டகமும் தார்ப்பாய் அல்லது துணிச் சுவரும் கொண்டவை. கருவி ஏதுமின்றிச் செருகிப் பொருத்தலாம். முடிந்ததும் பைக்குள் மடித்து வைக்கலாம். இவ்வெளிமைக்குள்ளும் பழைய சட்டம் மறைந்திருக்கிறது.

துணிச் சுவர் காற்றில் ஆடும். ஆடும் சுவர் சுவராகுமா? யோசேப் காரோ எழுதி 1565இல் வெனிஸ் நகரில் அச்சான ஷுல்கான் ஆரூக் என்னும் சட்டநூல் இதைப் பேசுகிறது. துணியைக் கட்டினால், அது அறியாமலே அவிழ்ந்துவிடக்கூடும். ஆகவே துணியை மட்டும் நம்பாமல் நாணற்குச்சிகளையும் சேர்த்து அமைப்பது நன்று என்கிறது. இரு குச்சிகளுக்கு இடைவெளி 3 கையகலத்துக்குக் குறைவாக இருந்தால் அவ்விடைவெளி அடைபட்டதாகவே கருதப்படும் என்பது பழைய விதி. அவ்விதியை இன்றைய உற்பத்தியாளர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். துணிச் சுவரின் உட்புறம் தரையிலிருந்து 10 கையகல உயரம்வரை நெருக்கமாகச் சில நாடாக்களை இழுத்துக் கட்டுகிறார்கள். துணி ஆடினாலும் நாடாக்களே சுவராகிவிடும்.

கூரை உலோகக் குழாயின்மேல் நேரே அமர்வதைப் பலர் விரும்புவதில்லை. இடையில் மரச்சட்டங்களை வைத்து அவற்றின்மேல் கூரையிடுகிறார்கள். தழைக்குப் பதிலாக மூங்கில் பாயைச் சுருட்டி வைத்து ஆண்டுதோறும் பயன்படுத்துவதும் இன்று பரவலாகிவிட்டது. எபிரேயத்தில் அதற்கு 'என்றென்றைக்குமான கூரை' எனப் பொருள்படும் பெயரே வழங்குகிறது! அதற்கும் கட்டுப்பாடு உண்டு. கூரைக்கென்றே செய்யப்பட்டது என்ற சான்று வேண்டும். மூங்கிலைக் கோக்கும் நூலும் தாவர நூலாக இருப்பதே சிறப்பு. பாய் பழையதாக இருக்கலாம். அதை விரித்து மேலே இடும் செயல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நடந்தாக வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளுக்கும் இச்சட்டம் வடிவம் கொடுத்திருக்கிறது. இசுரேலில் பினே பிராக் போன்ற நகரங்களில், ஒரு மாடியின் முகப்பு அடுத்த மாடியின் முகப்புக்கு நேர்கீழே வராதபடி விலக்கிக் கட்டிய குடியிருப்புகள் உள்ளன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு வானம் வேண்டுமல்லவா? 2010இல் நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் சுக்கா வடிவமைப்புப் போட்டி ஒன்று நடந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் வந்தன. 12 தேர்ந்தெடுக்கப்பட்டுக் கட்டப்பட்டன. அவற்றின் தோற்றம் எவ்வளவு புதுமையாக இருந்தாலும், அளக்க உதவிய கோல் பழைய மிஷ்னாவே.

மாணவிக்கு விடை

இவ்வளவையும் படித்த பின் என் மாணவிக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அம்மா, நீ சொன்னதைப் பாதி செய்துவிட்டார்கள். சுவரை ஒரே தடவையாகச் செய்து வைத்துக்கொண்டார்கள். கூரையை மட்டும் ஆண்டுதோறும் தம் கையாலேயே போடுகிறார்கள்."

எந்தப் பகுதியில் எளிமையைத் தேடலாம், எந்தப் பகுதியில் தேடக்கூடாது என்பதை அவர்கள் தெளிவாகப் பிரித்துக்கொண்டார்கள். யானைகூடச் சுவராகலாம், கூரைக்கு மட்டும் கை வேண்டும். ஏனெனில், குடிலுக்குப் பெயர் தந்ததே கூரை. வீடில்லாக் காலத்தை நினைவூட்டுவதும் சுவரன்று. வானம் தெரியும் அக்கூரைதான். அதையும் நிலையாக்கிவிட்டால் குடில் இருக்கும், நினைவு இருக்காது.

ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. சில ஆண்டுகளாக எங்கள் பள்ளிப் பொங்கல் விழாவுக்குப் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தையே பயன்படுத்தி வருகிறோம். வாங்கியவன் நானே. துடைத்து, மடித்து, பெட்டியில் வைத்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு ஆகும். நேரம் மிச்சம், செலவு மிச்சம் என்று மகிழ்ந்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால், ஓலை கிழித்துத் தோரணம் பின்னத் தெரிந்த பிள்ளை இன்று என் வகுப்பில் ஒருவர்கூட இல்லை. பந்தற்காலையும் மேசையையும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஆனால், தோரணம் நம் விழாவின் கூரை என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

பினாங்கில் நாகூர் சாலையில் 1929இல் திறக்கப்பட்ட யூதத் தொழுகைக்கூடம், வழிபாட்டுக்கு வேண்டிய பத்துப் பேரைத் திரட்ட இயலாமல் 1976இல் மூடப்பட்டது. கட்டடங்கள் இருக்கும், செய்யும் கைகள் குறைந்துவிட்டால் அவற்றால் பயன் என்ன?

வரும் பொங்கலுக்குத் தென்னங்குருத்து வாங்கி வருவதாக மாணவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கே பின்னல் மறந்துவிட்டது. ஒரு மாணவனின் பாட்டி வந்து கற்றுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்ட மாணவியோ, விடையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். பிறகு, "ஐயா, அந்த யானைக்கு ஏழு நாளும் சாப்பாடு யாரு குடுப்பாங்க?" என்று கேட்டாள். அதற்கான விடையை இனித்தான் தேட வேண்டும்.